மாலைச் சாயாவிலிருந்து குறைக்கத் தொடங்குங்கள்

நாகர்கோவிலில் ஆபீஸிலோ ஜவுளிக்கடையிலோ வேலை பார்ப்பவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை சாயா என்று கேட்டால் "ரெண்டு, மூணு" என்பார். உட்கார்ந்து எண்ணினால் ஆறு வரும். எழுந்ததும் வீட்டில் ஒன்று, பஸ் இறங்கினதும் ஒன்று, பதினொரு மணிக்கு பிளாஸ்க்கில் வருவது, சாப்பாடு முடிந்ததும் ஒன்று, நாலு மணிக்குப் பழம்பொரியோடு ஒன்று, வீடு திரும்பியதும் ஒன்று. அதனால் குறைக்க நினைப்பவர்கள் முதல் மூன்று நாள் எதையும் குறைக்க வேண்டாம். குடித்த நேரம், சாயாவா காப்பியா, முழு கிளாஸா அரையா என்று போனில் குறித்தாலே போதும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாயாவிலும் காப்பியிலும் இருந்து தூக்கத்தை விரட்டும் காஃபீன் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. 150 மில்லி டிகாக்‌ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை, இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65 வரை, சாயாவில் 30 முதல் 65 வரை என்பது அதில் உள்ள கணக்கு. நம் கடைக் கிளாஸ் 100 மில்லி பக்கம்தான் பிடிக்கும். ஆக, வெறும் சாயா ஆறு என்றால் பலர் வரம்புக்குள்ளேயே இருப்பார்கள். அதில் இரண்டு டிகாக்‌ஷன் காப்பியாக இருந்தால் 300-ஐத் தாண்டிப் போகவும் கூடும்.

அப்படியானால் வரம்புக்குள் இருப்பவருக்கும் ஏன் ராத்திரி தூக்கம் வருவதில்லை? காரணம் நேரம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு 50 மில்லிகிராம் உள்ளே போனால் ராத்திரி 10 மணிக்கும் 25 மிச்சம் இருக்கிறது. மூளையில் களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற பொருள் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் காலை சாயா கூடும். இந்தச் சுற்றை உடைக்க முதலில் எடுக்க வேண்டியது மாலைச் சாயாவைத்தான். காலைச் சாயாவில் கை வைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒன்று என்ற கணக்குதான் தாங்கும். முதல் வாரம் வீடு திரும்பியதும் குடிப்பது, இரண்டாம் வாரம் நாலு மணி, மூன்றாம் வாரம் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பது. நாலாம் வாரத்தில் பதினொரு மணிச் சாயாவை அரை கிளாஸாக்குங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் நீடிக்கும். எரிச்சல், சோர்வு, கவனம் சிதறுவது எல்லாம் கூடவே வரும். தவக்காலத்துக்காக சாம்பல் புதன் அன்று சாயாவை அப்படியே விடுபவர்களுக்கு வியாழன், வெள்ளியில் தலை பிளப்பது இதனால்தான். ரம்ஜான் நோன்பு தொடங்கும் முதல் நாட்களிலும் இதே கதை. இரண்டு மூன்று வாரம் முன்பே படிப்படியாகக் குறைத்து வந்தால் அந்த நாட்கள் நிம்மதியாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை வலிப்பவர்களும் ஆபீஸ் சாயா விட்டுப்போனதா என்று பாருங்கள்.

அந்தத் தலைவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கினால் அட்டையைப் படியுங்கள். பாரசிட்டமாலோடு காஃபீன் சேர்ந்த மாத்திரைகள் உண்டு. வலி உடனே போகும், குறைத்த கணக்கு பழையபடி ஏறிவிடும்.

பலர் சறுக்குவது மாற்றில். பால் இல்லாத கட்டன்சாயாவுக்கு மாறினால் பாலும் கொஞ்சம் சர்க்கரையும்தான் குறையும், தேயிலை அதேதான். எலுமிச்சை பிழிந்தாலும் கிரீன் டீ ஆனாலும் காஃபீன் இருக்கும். கடையில் "லைட்டா" என்று கேட்பதுதான் உண்மையில் பலன் தரும், சாயம் குறைந்து பால் கூடும். காப்பிக்காரர்கள் பொடி அரைக்கும் இடத்தில் சிக்கரியைக் கூட்டச் சொல்லலாம். சிக்கரியில் காஃபீன் கிடையாது. சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம். ஆனால் சிக்கரி கூடினால் டிகாக்‌ஷன் கறுப்பாகத் தெரியும், நிறத்தைப் பார்த்து ஸ்ட்ராங் என்று எண்ண வேண்டாம். ரொபஸ்டா வகைக் காப்பிக் கொட்டையில் அரபிக்கா வகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன், அதையும் கேட்டு வாங்குங்கள்.

கூட்டாளிகளோடு கடைக்கு நடக்கும் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளாஸில் இருப்பதை மாற்றினால் போதும். சீரக வெள்ளம், அதாவது சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், எங்கும் கிடைக்கும். நாலு பேருக்குச் சுக்கு காப்பி வேண்டுமென்றால் 800 மில்லி தண்ணீர், ஒரு அங்குலச் சுக்கு தட்டியது, மல்லி இரண்டு ஸ்பூன், நல்லமிளகு கால் ஸ்பூன், கருப்பட்டி 50 கிராம். பத்து நிமிஷம் கொதித்து 600 மில்லிக்கு வற்றியதும் அரித்து பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். சில கடைகளில் இதில் காப்பிப்பொடியும் போடுவார்கள், கேட்டுக்கொள்வது நல்லது. சுகர் உள்ளவர்கள் கருப்பட்டியைத் தவிர்க்க வேண்டும், அதுவும் சர்க்கரைதான்.

பெண்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. புட்டும் பயறும் தின்ற கையோடு சாயா குடித்தால் அதிலுள்ள டானின் என்ற பொருள் பயற்றின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். முந்திரி ஆலையிலும் ஜவுளிக்கடையிலும் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த இடைவெளி கிடைப்பது கஷ்டம். அப்படியானால் காலைச் சாயாவை எழுந்ததும் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. மாதம் ஏற ஏற அவர்கள் உடம்பிலிருந்து காஃபீன் வெளியேற இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும்.