யானைக்கு இங்கே கோபுரம் என்று பேர்

ஜெர்மனியில் பான் நகருக்கு வந்து ஒரு வருடம் ஆகியும் ஆபீஸ், வீடு, சூப்பர் மார்க்கெட் தவிர எனக்குப் போக்கிடம் கிடையாது. என் ஜெர்மன் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். வாய் திறக்காமல் நாலு பேரோடு உட்கார ஓர் இடம் வேண்டுமே என்றுதான் செஸ் க்ளப்பில் சேர்ந்தேன்.

முதல் லீக் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அணிக்கு எட்டுப் பேர். நான் எட்டாவது பலகை. 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு 2 மணி நேரம். எதிரே எழுபதைத் தாண்டிய பெரியவர்.

எனக்கு வெள்ளை. நாலாவது நகர்த்தலிலேயே குதிரையை ஜி5 கட்டத்துக்குப் பாய்ச்சினேன். குறி எஃப்7 சிப்பாய். ஈரோட்டில் சித்தப்பா சொல்லித்தந்த வித்தை; ஊரில் பாதிப் பேர் இதிலேயே விழுவார்கள். இவர் அசரவில்லை. ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்துவிட்டு, என் காய்களைப் பின்னுக்கு விரட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றரை மணி நேரம் கழித்து ஆளுக்கொரு யானை, எனக்கு மட்டும் ஒரு சிப்பாய். ஜெயித்தாச்சு என்றே நினைத்தேன். அவர் ராஜா சிப்பாயின் வழியை மறித்து நின்றது. யானையோ ஆறாம் வரிசையில் இப்படியும் அப்படியும் போய்வந்தது, அவ்வளவுதான். பொறுமை போய், சிப்பாயை ஆறாம் வரிசைக்குத் தள்ளினேன். அவர் யானை சட்டென்று முதல் வரிசைக்கு இறங்கியது. பின்னாலிருந்து செக், செக், மறுபடி செக். என் ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. "ரெமீ?" என்றார். சொல் தெரியாது, நீட்டிய கை புரிந்தது. டிரா.

பக்கத்து அறையில் கேக்கும் காபியுமாக அதே நிலையை மறுபடி அடுக்கினார். சிப்பாயைத் தள்ளாமல் இருந்திருந்தாலும் டிராதானாம். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஃபிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் காட்டிய தற்காப்பு. காயைத் தொட்டு "டுர்ம்" என்றார், கோபுரம். நான் கையைத் தும்பிக்கையாக்கி "யானை" என்றேன். சிரித்துவிட்டார். மந்திரி இங்கே "லாய்ஃபர்", ஓடுபவன். மந்திரி எதற்கு ஓட வேண்டும் என்று கேட்க என் ஜெர்மன் போதவில்லை.

2008-இல் இதே பானில் உலக சாம்பியன் போட்டியில் ஆனந்த் ரஷ்யாவின் கிராம்னிக்கை 6½–4½ என்று வென்றபோது பெரியவர் போய்ப் பார்த்தாராம். அதை மட்டும் எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார்.

கிளம்பும்போது நகர்த்தல்களை எழுதிவைத்த என் குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தார். குதிரைக்கு நான் ஆங்கில வழக்கப்படி 'என்' போட்டிருந்தேன். ஒவ்வொன்றாக அடித்து 'எஸ்' ஆக்கினார், ஸ்ப்ரிங்கருக்கு 'எஸ்'. நாலு இடம் திருத்தியதும் பேனாவை என்னிடம் நீட்டினார். மீதியை நான் திருத்தினேன்.