எஃப்பிஜிஏ ஆள் தேடல்: கொழும்புக் குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

விளம்பரம் போட்டாச்சு. எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாங்களே எழுதி மாற்றக்கூடிய சிப்) தெரிந்த மூத்த பொறியியலாளர், ஆறு மாத ஒப்பந்தம். "பத்து வருச அனுபவம் எண்டு போடுங்கோ" என்றார் முதலாளி. போட்டேன். எங்கட தலையிடி வருசக் கணக்கில் இல்லை. சிமுலேஷனில் (கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது) ஒழுங்காக ஓடுகிற டிசைன், போர்டில் ஏற்றினால் சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பிழையான எண்ணைத் தருது. அதைப் பிடிக்கிற ஆள் வேணும்.

ஜூன் 6, வெள்ளி

வந்த சீவிகளில் பாதி மைக்ரோகொன்ட்ரோலர் ஆட்களுடையது. சி என்ற கணினி மொழி தெரிந்தால், எஃப்பிஜிஏவுக்கு எழுதுகிற வெரிலொக்கும் வரும் என்ற நினைப்பு. சி வரிவரியாக ஓடும். வெரிலொக்கில் எழுதுவது சுற்று, எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த, எனக்குத் தெரிந்த கெட்டிக்காரர் எல்லாம் வெளிநாட்டில்.

ஜூன் 10, செவ்வாய்

போசன் போயா (பௌத்தர்களின் பௌர்ணமி நாள்). லீவு. தன்சல் (இலவச உணவுப் பந்தல்) வரிசைகளால் தெமட்டகொடைப் பக்கம் பஸ் நகரவில்லை.

ஜூன் 12, வியாழன்

இரண்டு நேர்முகம். கேள்வி ஒன்றுதான்: 125 மெகாஹேர்ட்ஸ் ஈதர்நெட் கிளொக்கில் (சுற்றை நடத்துகிற சீரான துடிப்பு) ஓடும் 32 பிட் கவுண்டரை (எண்ணிக்கொண்டு போகும் சுற்று) 200 மெகாஹேர்ட்ஸ் கிளொக் பக்கம் எப்படிக் கொண்டுபோவீர்கள்?

முதல் ஆள் பேச்சில் புலி. எஃப்பிஜிஏ செய்கிற அல்டெராவை இன்டெல் வாங்கியது, சைலிங்ஸை ஏஎம்டி வாங்கியது எல்லாம் விரல் நுனியில். வெள்ளைப் பலகையில் போய் ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு ஃபிளிப்ஃபிளொப் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்று) வரைந்து, "முடிஞ்சுது" என்றார். ஒரு பிட்டுக்கு அது சரி. 32 பிட்டும் ஒரே கிளொக்கில் வந்து சேரும் என்று யார் சொன்னது? 7 எட்டாகும்போது நாலு பிட் ஒன்றாக மாறும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால் 15 என்றும் வாசிக்கலாம்.

மற்றவர் மார்க்கரைத் தொடவே இல்லை.

"மிஸ், அந்தக் கவுண்டர் ஒவ்வொரு கிளொக்கிலும் கூடுதோ, இல்லை எப்பவாவதோ?"

இடைவிடாமல் என்றேன். அப்படியென்றால் கிரே கோட் என்றார். அதில் ஒவ்வொரு தரமும் ஒரே ஒரு பிட்தான் மாறும். எப்பவாவது என்றால் ஹேன்ட்ஷேக் (ஒரு பக்கம் 'தந்தேன்', மற்றப் பக்கம் 'எடுத்தேன்' என்று சொல்லிக்கொள்வது) காணுமாம். பிறகு, "கொன்ஸ்ட்ரெயின்ட் ஃபைலைக் காட்டுவீங்களோ?" சுற்றுக்கான நேரக் கட்டுப்பாடுகள் எழுதியிருக்கும் ஃபைல் அது. திறந்தோம். முன்பு இந்த வேலையைப் பார்த்து விட்டுப் போனவர் இரண்டு கிளொக்குக்கும் இடையில் உள்ள எல்லாப் பாதைக்கும் ஃபோல்ஸ் பாத் (இங்கே நேரத்தைச் சரிபார்க்க வேண்டாம் என்ற குறிப்பு) போட்டிருந்தார். டைமிங் ரிப்போர்ட் ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று இப்ப விளங்குது.

ஜூன் 13, வெள்ளி

இவர் கேட்கிற காசு கூட. முதலாளி முகம் சுளித்தார். போர்டோடு மல்லுக்கட்டுகிற பொடியன்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டினேன், சத்தமில்லை. ஒப்பந்தக்காரர் என்பதால் ஈபிஎஃப், ஈடிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி) கிடையாது. மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் போவதால் 5 வீத வரி பிடித்துத்தான் கொடுக்கவேணும். அதை அவருக்கு முன்கூட்டியே சொன்னேன்.

கடைசிக் கொடுப்பனவை டெஸ்ட் பெஞ்சும் (டிசைனைச் சோதிக்கும் கோட்) கொன்ஸ்ட்ரெயின்ட் ஃபைலும் கைக்கு வந்த பிறகுதான் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதினேன். "நான் கேட்கவிருந்ததே அதுதான்" என்று கையெழுத்துப் போட்டார். திங்கள் வருவார்.