சித்தப்பாவின் யெஸ்டி: புகை வந்த வழி

சித்தப்பாவின் 1983 மாடல் யெஸ்டி 250 மோட்டார் சைக்கிள் இப்போது ஓடுகிறது, புகை விடாமல் ஓடுகிறது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் முழுக்க நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். முதல் முறையாகப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் கை வைக்கிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் அதிகம் உதவும் என்று தோன்றுவதால் அதை விரிவாக எழுதுகிறேன், மற்றதைச் சுருக்கமாக.

வண்டி நின்ற இடம் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற புரை, அதாவது கொட்டகை. ஒரு காலத்தில் சித்தப்பா இந்த வண்டியின் பின்னால்தான் ஷீட்டைக் கட்டாகக் கட்டி வைத்துக் குலசேகரம் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார். 2010-ல் முட்டு வலி வந்து கிக் அடிக்க முடியாமல் போனதும் புரையின் மூலையில் சாய்த்து நிறுத்தியவர், அப்புறம் தொடவே இல்லை. பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட்டின் நெடி எப்போதும் இருக்கிற இடம் அது. அந்த ஆவி இரும்பையும் விடாது, அலுமினியத்தையும் விடாது. அதோடு இடவப்பாதி மழை, ஐப்பசி மழை என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலத்தின் ஈரம் வேறு. ஜனவரியில் நான் வெளியே உருட்டி எடுத்தபோது எஞ்சின் கவர் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, பின் சக்கரத்தில் ஒரு ஸ்போக்கை விரலால் அமுக்கினேன், ஒடிந்து கையோடு வந்துவிட்டது. பழைய வண்டியை ஓட்டாமல் வைக்க நேர்ந்தால் தயவுசெய்து ஆசிட், உரம், உப்பு இருக்கிற இடத்தில் வைக்காதீர்கள். மாட்டுத் தொழுவம்கூட இதைவிடத் தேவலை.

யெஸ்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. செக் நாட்டு ஜாவாவின் வடிவமைப்பை வைத்து மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி, 1996-ல் ஆலை மூடிவிட்டது. ஒரே சிலிண்டர்தான், ஆனால் சைலன்சர் இரண்டு. கிக்கரும் கியரும் ஒரே லீவர்: இடப்பக்கம் இருக்கிற கியர் லீவரை உள்ளே தள்ளி மேலே திருப்பினால் அது கிக்கர் ஆகிவிடும், ஸ்டார்ட் ஆனதும் மறுபடி முன்னால் மடக்கி விட்டால் கியர். கியரைக் காலால் அழுத்தும்போதே கிளட்சும் தானாக விடுபடும். அந்தக் காலத்திலேயே இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு இப்போதும் மரியாதை குறையவில்லை.

பிப்ரவரியில் கழற்ற ஆரம்பித்தேன். ஒவ்வொரு நட்டையும் எடுப்பதற்கு முன்னால் ஒரு படம், எடுத்த பின்னால் ஒரு படம், அப்புறம் எந்த இடத்து நட்டு என்று எழுதி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். சில மாதம் கழித்துப் பூட்டும்போது எதுவும் ஞாபகம் இருக்காது, இதில் மட்டும் சோம்பல் கூடாது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துப் போயிருந்தது. பிளக் துவாரம் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் விட்டேன், தினமும் காலையில் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பேன். பத்தாவது நாள் ஒரு நூல் அளவு நகர்ந்தது. அன்றைக்கு வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.

சிலிண்டரில் துரு தின்ற பள்ளம் இருந்ததால் மார்த்தாண்டத்தில் லேத்தில் கொடுத்து போர் செய்து, அதாவது உள்சுவரைக் கொஞ்சம் குடைந்து பெரிதாக்கி, அதற்குத் தகுந்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம், அதாவது முன்பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்துக்குள் சின்னதாக ஒரு பின் இருக்கும், ரிங்கின் இரண்டு முனைகளும் அந்தப் பின்னுக்கு இரு பக்கமும் வந்து உட்கார வேண்டும். இதைப் பார்க்காமல் சிலிண்டரை இறக்கினால் ரிங் ஒடிந்து போர் செய்த காசு வீணாகும். டேங்க் துருவுக்கு வினிகரும் ஒரு கை பழைய நட்டுகளும் போட்டு மூன்று நாள், நடுநடுவே குலுக்கல், அப்புறம் சோடா மாவுத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்து உடனே 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்த பெட்ரோலைச் சுழற்றி விட்டேன். கழுவியதும் அப்படியே விட்டால் ஒரே ராத்திரியில் மறுபடி துருப்பிடிக்கும்.

பிளக்கில் பொறி விழும் நேரத்தை முடிவு செய்கிற பாயிண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, கண்டன்சரை மாற்றி, ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு பிளக்கை ஹெட்டில் சாய்த்துக் கிக் அடித்தேன். நீலமாக ஒரு பொறி. மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆனது. சித்தப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். வந்தவர் இருமிக்கொண்டே திரும்பிப் போனார், அவ்வளவு புகை.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது.

டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு ஆயில் எரியும், புகை வரும், இதுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் புகை அதிகம் என்றால் ஆயில் அதிகம் என்று முடிவு கட்டினேன். லிட்டருக்கு 40 மில்லி கலந்ததை 30 ஆக்கினேன். புகை குறையவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன், மிதவையைச் சரிபார்த்தேன், ஊசியை ஒரு படி இறக்கினேன், கடைசியில் வேறு ஒரு கார்புரேட்டரே வாங்கி மாட்டினேன். சைலன்சரில் பழைய ஆயில் தங்கியிருக்கும் என்று இரண்டையும் தீயில் காட்டிக் கரி எடுத்தேன். ஜூன் போய் ஜூலையும் பாதி போனது. தோட்டத்து வழியில் ஒரு சுற்று ஓட்டி வந்தால் ரப்பர் மரங்களுக்கு இடையில் வெள்ளையாகப் புகை நிற்கும், பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக ஈரமாக இருக்கும். ஆயிலை இன்னும் குறைத்து 20 மில்லி ஆக்கலாம் என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தக்கலையில் ஒரு அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். முன்பு யெஸ்டி, ராஜ்தூத் எல்லாம் பார்த்தவர், இப்போது வர்க் ஷாப்பை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். நான் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். புகையைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: “மக்ளே, கியர் ஆயிலு எவ்வளவு கெடக்குன்னு பாத்தியா?”

கியர் ஆயிலுக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி என்றேன்.

“அளந்து ஊத்து. ஓட்டு. அளந்து எடு. பெறவு வா. அது வரைக்கும் பெட்ரோல்ல ஆயிலக் கொறைக்காத, பிஸ்டன் பிடிச்சிரும்.”

வீட்டுக்கு வந்து பழைய கியர் ஆயிலை வடித்துவிட்டு, அளவுக் கோடு போட்ட ஜக்கில் சரியாக 1 லிட்டர் அளந்து ஊற்றினேன். பெட்ரோல் கலவையை மறுபடி 40 மில்லிக்குக் கொண்டுவந்தேன். தோட்டத்தைச் சுற்றி வருகிற வழி ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நான்கு நாளில் நாற்பது சுற்று. அப்புறம் எஞ்சின் சூடாக இருக்கும்போதே அடி நட்டைக் கழற்றி, வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அதே ஜக்கில் பிடித்தேன். 780 மில்லி. எஞ்சினுக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வெளியே ஒழுகாமல் 200 மில்லிக்கு மேல் எங்கே போயிருக்கும்? உள்ளே போய் எரிந்து புகையாகத்தான் போயிருக்கிறது.

விஷயம் இதுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கிற அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க கிராங்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கிறது. யெஸ்டியில் இடப்பக்கச் சீலுக்கு அந்தப் பக்கம் கிளட்சும் அதன் செயினும் கியர் ஆயிலில் ஓடுகின்றன. அந்தச் சீல் போனால் உறிஞ்சுகிற ஒவ்வொரு தடவையும் கியர் ஆயிலும் சேர்ந்து உள்ளே வரும். வலப்பக்கம், அதாவது டைனமோ பக்கச் சீல் போனால் ஆயில் வராது, வெறும் காற்று வரும். அது இன்னும் மோசம், கலவை நீர்த்துப் போய் எஞ்சின் தானாக ரேஸ் ஆகும், சூடேறிப் பிஸ்டன் பிடிக்கும். வருடக்கணக்காக நின்ற வண்டியில் இந்தச் சீல்கள் காய்ந்து இறுகித்தான் இருக்கும். பிஸ்டனுக்காக மேல்பாதியைத் திறந்த நான் அன்றைக்கே கீழ்பாதியையும் திறந்திருக்க வேண்டும். நல்லபடியாகச் சுற்றுகிறதே என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நான் அவர் சொல்லச் சொல்ல, எஞ்சினை இரண்டாகப் பிரித்தோம். இடப்பக்கச் சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கிராங்கைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டிய உதட்டை நகத்தால் அமுக்கினேன், ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை போலக் கட்டியாக இருந்தது. உதட்டை இறுக்கிப் பிடிக்கிற மயிரிழை ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டு துண்டு. புதுச் சீலின் உதடு விரல் பட்டதும் வளைந்து உடனே பழைய நிலைக்கு வந்தது. சித்தப்பா இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம பாலுல செஞ்சதா?” என்று கேட்டார். இல்லை, மரத்துப் பாலில் செய்த ரப்பர் ஆயில் பட்டால் ஊதிப்போகும், அதனால் சீலுக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர்தான். ஐம்பது வருடம் பால் வெட்டியவருக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பிரித்ததோடு பேரிங்குகளையும் மாற்றினோம். புதுப் பேரிங்கை முந்தின ராத்திரியே பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில், சித்தி வைத்திருந்த சாளை மீன் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் அலுமினியக் கேசிங்கைச் சூடாக்கினோம், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறுகிற அளவுக்கு. சூட்டில் கேசிங்கின் குழி விரியும், குளிரில் பேரிங் சுருங்கும். அண்ணாச்சி பேரிங்கை நேராகப் பிடித்து விட்டதும் டக் என்று ஒரே சத்தத்தில் அடிவரை இறங்கி உட்கார்ந்தது, சுத்தியலே தேவைப்படவில்லை. இந்த ஒன்பது மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. சீலை மாட்டும்போது உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் கிராங்க் அறையைப் பார்க்க வைத்தோம்.

பாக்கி வேலை இருக்கிறது. 6 வோல்ட் பேட்டரியில் ஹாரன் முனகுகிறது, வயரிங் முழுக்க மாற்ற வேண்டும். டேங்கின் குரோம் பக்கத்தை அலுமினியத் தாளையும் தண்ணீரையும் வைத்துத் தேய்த்ததில் மேல்துரு போய்விட்டது, புள்ளிகள் மட்டும் நிற்கின்றன. அதை அப்படியே விடப்போகிறேன், புதுக் குரோம் அடித்தால் அது சித்தப்பாவின் வண்டி மாதிரி இருக்காது. இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும், அதனால் குழாயை மாற்றினேன். நிறுத்துவதற்கு முன்னால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓடவிட்டு அணைக்கிறேன். ஆர்சி முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. விண்டேஜ் என்று பதியலாமா என்று சிலர் கேட்டார்கள், 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டினால்தான் அது முடியும். ஆகவே மற்ற வண்டிகளைப் போல எஃப்சி எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போகக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது கைக்கு வரும் வரை வண்டி தோட்டத்தை விட்டு வெளியே போகாது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே ஜக்கில் 1 லிட்டர் அளந்து ஊற்றி, அதே வழியில் நாற்பது சுற்று ஓட்டி, சூட்டோடு வடித்தேன். சித்தப்பா ஜக்கைத் தூக்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துச் சொன்னார்: 980.