எடையைக் குறைத்துச் சொல்லாதே தம்பி

லீவில் தலவாக்கலைக்கு வந்து பதினொரு நாள், அதில் பத்து நாள் மழை. நேற்று ராத்திரி கரண்ட் போயிருந்த நேரத்தில் கொரியாவிலிருந்து பக்கத்து லயத்துத் தம்பி கூப்பிட்டான். கம்பெனியில் எல்லோரையும் சனிக்கிழமை ஸ்கீ விளையாட, அதாவது காலில் பலகை மாட்டிப் பனிச் சரிவில் சறுக்க, கூட்டிப் போகிறார்களாம். "அண்ணே, நீங்க துபாய்ல அந்த வேலைதானே பாக்குறீங்க, என்ன சாமான் எடுக்கணும்?"

அதே வேலைதான். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகுமே, அதைத் தவிர வேறு பனியைப் பார்க்காமல் வளர்ந்தவன், பாலைவனத்தில் ஒரு கூரைக்குக் கீழே செய்து கொட்டிய பனியின் பக்கத்தில், வாடகைக் கவுண்டரில் நின்று நாலு வருடமாக ஊர் உலகத்துக் கால்களுக்கெல்லாம் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொரியாவில் நம்ம பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது பலகையைத்தான், நீளம் எவ்வளவு, என்ன கலர் என்று. புதிதாகப் பழகுகிறவனுக்கு நிறுத்திப் பிடித்தால் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வரும் பலகை போதும், கட்டையாக இருந்தால் திரும்புவது லேசு. அவ்வளவுதான் விஷயம். அன்றைய நாள் நல்லபடியாகப் போகுமா இல்லையா என்பது பூட்ஸில் இருக்கிறது.

முதல் தடவை நானே செய்த கூத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளிருமே என்று இரண்டு தடித்த சொக்ஸ், அதற்கு இடம் வேண்டுமே என்று ஒரு அளவு பெரிய பூட்ஸ். போட்டதும் சொகமாகத்தான் இருந்தது. சரிவில் இறங்க இறங்கக் கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடி, பெருவிரல் போய்ப் போய் முட்டியது. இரண்டு நாளில் நகம் கறுத்தது, அப்புறம் விழுந்தே விட்டது. இரண்டு சொக்ஸும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து காலை நெரித்ததில் இரத்தம் ஓடாமல், குளிர் வேறு முன்பை விட அதிகம். ஒரே ஒரு சொக்ஸ், மெல்லிசாக, முழங்கால் வரைக்கும், பருத்தி இல்லாததாக. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் நுனியையும் பூட்ஸுக்குள் திணிக்காதே.

ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்டிமீற்றரில். 26.5 என்றால் பாதம் இருபத்தாறரை சென்டிமீற்றர். நம்ம ஊரில் ஏழு, எட்டு என்று சொல்லிப் பழகியவர்கள் கவுண்டரில் முழிப்பார்கள். கொரியாவில் சாதாரணச் சப்பாத்துக்கே மில்லிமீற்றரில்தான் நம்பர் போடுகிறார்கள், அதனால் 265 போடுகிறவன் 26.5 கேட்டால் ஆயிற்று. சந்தேகமாக இருந்தால் உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே இழுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு விரல் நுனி முன்னால் தொடும்படி நின்று பார். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலிலிருந்து இரண்டு விரல் வரைக்கும் நுழையலாம். மூன்று விரல் போனால் அது உன்னுடைய பூட்ஸ் இல்லை.

மெத்தையைத் திரும்பப் போட்டு மாட்டியதும் நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் லேசாக உரசும். உடனே "சின்னது" என்று கழற்றிக் கொடுத்துவிடாதே. முழங்காலை மடக்கிக் கீழ்க்காலை முன்னால் சாய்த்துப் பார், குதிகால் பின்னால் போய் உட்காரும், விரலுக்கு இடம் கிடைத்துவிடும். பக்கிள் பூட்டும் முன் குதியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டு. பிறகு பாதத்தின் மேடு பக்கம் உள்ளதை முதலில், மேலே உள்ளவற்றை அடுத்து, விரல் பக்கம் உள்ளதைக் கடைசியாகப் பெயருக்கு. பலபேர் விரல் பக்கத்தைத்தான் முதலில் இறுக்கிவிட்டு மரத்துப்போகிறது என்று திரும்பி வருவார்கள்.

அம்மா முப்பது வருடம் கொழுந்துக்கூடை சுமந்தவர். தலையில் போடும் கயிறு ஒரு சாண் நீண்டாலும் கூடை கீழே இறங்கி ஒவ்வொரு அடிக்கும் ஆடும், கழுத்து போய்விடும் என்பார். வலிக்காமல் இருக்கட்டும் என்று தளர்த்தினால் அன்றைக்குத்தான் கூடுதலாக வலிக்கும். பூட்ஸும் அப்படித்தான்.

இனி பைண்டிங். பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டு அது. விழும்போது தானாகத் திறந்து காலை விட வேண்டும். முன்னாட்களில் அது விடாது, கால்தான் முறியும். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யல்மார் ஹ்வாம் என்பவர் தன் காலையே முறித்துக்கொண்ட பிறகு, திறந்துகொள்ளும் பைண்டிங்கைச் செய்து 1939இல் காப்புரிமை வாங்கினார். இப்போது எத்தனை விசையில் திறக்க வேண்டும் என்று ஸ்குரூவில் ஒரு நம்பர் வைப்போம். டின் என்று பெயர். அதற்கு எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எவ்வளவு வேகமாகப் போகிறவன் என்பது, எல்லாம் வேண்டும். அட்டவணையில் எடைக்கும் உயரத்துக்கும் வரிசை வேறுவேறாக வந்தால் குறைந்ததையே எடுப்போம். ஐம்பது தாண்டியவர்களுக்கு இன்னும் ஒரு படி இறக்குவோம்.

இங்கேதான் எல்லோரும் பொய் சொல்வார்கள். நம்ம தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசில்தான் கிலோ கழியும், அங்கே ஆட்களே தங்கள் எடையைக் கழித்துக்கொள்கிறார்கள். குறைத்துச் சொன்னால் சும்மா திரும்பும்போதே பைண்டிங் கழன்றுவிடும். "நான் நல்லா ஓட்டுவேன்" என்று பீற்றினாலோ, கழல வேண்டிய நேரத்தில் கழலாது. அப்படியே சரியாக வைத்தாலும் கணுக்கால், கீழ்க்கால் எலும்புக்குத்தான் பாதுகாப்பு, முழங்கால் தசைநாரை அது முழுசாகக் காப்பாற்றாது. அதனால் வேகம் வேண்டாம். ஸ்குரூவை நீயாகத் திருகாதே, நண்பனோடு பூட்ஸை மாற்றிப் போட்டால் திரும்பக் கவுண்டருக்குப் போ. பலகையில் ஏறும் முன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டு, இல்லாவிட்டால் பூட்டு சரியாக விழாது. ஹெல்மட் போட்டுத் தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும்.

"சரி, நீ எத்தனை கிலோ?" என்றேன்.

"அறுபத்தஞ்சு."

அம்மா இருட்டிலிருந்தே, "வீடியோவுல பாத்தேன், கன்னம் ரெண்டும் பணிஸ் மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எழுபத்தொன்னு அண்ணே."

வெள்ளிக்கிழமையே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போ என்று சொல்ல மறந்துவிட்டேன். இப்போதுதான் மெசேஜ் போட்டேன்.