மங்கலான கோடும் நான் பட்ட பாடும்

நாள் தள்ளிப்போனதும் கர்ப்பமா என்று பார்க்கும் கிட் வாங்கி வீட்டிலேயே பார்த்தேன். கிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' பக்கம் கோடு பளிச்சென்று இருந்தது. கர்ப்பத்தைக் காட்டும் 'டி' பக்கம் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி லேசான ரோஸ் கோடு. அதைக் கிளினிக்கில் காட்டினால், முன்னால் உட்கார்ந்திருந்தவர் டாக்டரிடம் விடக்கூட இல்லை. "இது நெகட்டிவ்தாம்மா, அடுத்த மாசம் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் (பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம்) நிறத்தோடு தெரிந்தால் அதை பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரொம்ப நேரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் தெரிவது சிறுநீர் காய்ந்த தடம், அதை நம்பாதீர்கள். 'சி' கோடே வராவிட்டால் அந்தக் கிட் செல்லாது.

இந்தக் கிட் சிறுநீரில் தேடுவது எச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோனை. அது, கரு கருப்பையில் பதிந்த பிறகுதான் சுரக்கத் தொடங்கும். பதிவதோ, கருமுட்டை வெளியாகி 6 முதல் 12 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். தாமதமாகப் பதிந்தவர்களுக்கு நாள் தள்ளிய அன்றுகூட நெகட்டிவ் காட்டலாம். அதனால் இரண்டு மூன்று நாள் விட்டு, காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுச் சாயங்காலம் பார்த்தால் ஹார்மோன் நீர்த்துப்போயிருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கணக்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கான சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்கள் மட்டும் அவசரப்படவே கூடாது. கரு இல்லாமலே அந்த ஊசி மருந்து பாசிட்டிவ் காட்டும்.

சரி, ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று லேபுக்குப் போனேன். டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். அந்தப் பயணமும் வீண். போகும் முன் போனில் கேட்டுவிடுங்கள். வேறொரு டாக்டர் கோட்டைப் பார்த்ததுமே ரத்தத்தில் அந்த ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

ரிப்போர்ட் கொடுத்தவர், "ரொம்பக் கம்மியா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், இரண்டு நாள் தூக்கமே இல்லை. பொதுவாக ஹார்மோன் அளவு (mIU/mL கணக்கில்) 5-க்குக் கீழே என்றால் நெகட்டிவ், 25-க்கு மேல் பாசிட்டிவ். இடையில் இருந்தால் மறுபடி எடுத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஒரே ஒரு எண்ணை வைத்துக் கரு நன்றாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. 48 மணி நேரம் கழித்து, அதே லேபில் மறுபடி எடுத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். எனக்கு இரட்டிப்பையும் தாண்டியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்து அழுதே விட்டேன்.

ஸ்கேனுக்கும் அவசரம் வேண்டாம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாம் வாரவாக்கில்தான் கருப்பைக்குள் கரு வளரும் சின்னப் பை தெரியும், கருவின் இதயத் துடிப்பு தெரிய ஆறு வாரமாவது தாண்ட வேண்டும். அதற்கு முன்னால் போய் "ஒண்ணும் தெரியல" என்று கேட்டுப் பதறாதீர்கள். ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். கரு, கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.