பச்சை டிக் வரும்வரை

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் ஆப்பில் போனைத் தட்டிப் பணம் கட்டும் திரை, நான் வரைந்த ஏழாவது வடிவம். நடுவில் ஒரு போன் படம், பக்கத்தில் அலைக்கோடுகள். அழகாகத்தான் இருக்கிறது. நேற்று மாம்பலத்தில் பதினோரு பேர் கையில் கொடுத்துப் பார்த்தேன். ஒருவரும் அந்தப் படத்தைக் கவனிக்கவில்லை. ஆறு பேர் போனின் அடிப்பாகத்தைக் கொண்டுபோய், கடையில் பணம் வாங்கும் பெட்டிமேல் வைத்தார்கள். கார்டை அப்படி வைத்துத்தான் பழக்கம். ஆனால் ஐபோனில் ஆண்டெனா உச்சியில். ஆண்ட்ராய்டு போன்களில் ஒன்றில் கேமரா பக்கம், இன்னொன்றில் முதுகின் நடுவில். நாலு சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். எந்த மாடல் என்பது ஆப்புக்குத் தெரியுமே, அந்த மாடலில் ஆண்டெனா எங்கே என்று காட்டிவிடலாமே என்றேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாமாம்.

நாளைக்கு அப்பாவுக்கு டெஸ்ட்.

பிப்ரவரி 4

எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டுக்கு ஐந்து நாள் ஆகுமாம்.

பிப்ரவரி 5

ஆஸ்பத்திரி கேன்டீன் தரைக்குக் கீழே. சிக்னல் ஒரு கோடு. இட்லி, டீ, அறுபது ரூபாய். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் 'நிலுவையில் உள்ளது' என்று வந்தது. கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "நிலுவைன்னு வருதேம்மா, அப்போ பாக்கிதானே? கொடுத்துட்டுப் போங்க."

அவர் சொன்னதில் என்ன தப்பு? சொத்து வரி நிலுவை, வாடகை நிலுவை. நிலுவை என்றால் நான் இன்னும் கொடுக்கவேண்டியது. இங்கே என் கணக்கில் அறுபது ரூபாய் கழிந்தே விட்டது. ரொக்கமாக இன்னொரு அறுபது கொடுத்துவிட்டு மேலே ஏறினேன். அது எங்கள் ஆப் இல்லை. ஆனால் எங்கள் திரையிலும் அதே சொல்தான். நான்தான் சரி என்று ஒப்புதல் கொடுத்தேன்.

பிப்ரவரி 6

தூக்கம் இல்லை, சொல் தேடல்தான். 'செயல்பாட்டில் உள்ளது': யார் செயல்படுகிறார்கள்? 'உறுதிப்படுத்தப்படுகிறது': சின்ன போனில் இரண்டு வரியாக உடைகிறது. 'காத்திருக்கவும்': நானா, கடைக்காரரா? எவ்வளவு நேரம்?

'பணம் கிளம்பிவிட்டது, கடைக்கு இன்னும் சேரவில்லை' என்று எழுதினேன். ரொம்பப் பிடித்திருந்தது. மீட்டிங்கில் ஒரே கேள்வியில் விழுந்தது: கிளம்பியதா என்பதே ஆப்புக்குத் தெரியாத நேரம் உண்டே, வங்கியிலிருந்து பதிலே வராதபோது? உண்மைதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறேன்.

பணம் கழிந்து கடைக்கு உறுதி போகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லிவிட்டது. அதைத் திரையில் போடலாமா என்றால், பயமுறுத்துகிறாய் என்கிறார்கள். ஐந்து நாள் என்று தெரிந்தால் பயம் குறையுமா, கூடுமா?

பிப்ரவரி 7

ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

அப்பா போனில் ஆப்பைப் போட்டுக் கட்டில் மேஜையில் டெஸ்ட் பெட்டியை வைத்தேன். தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஃபிளிப் கவரைத் திறந்தால் வங்கி கார்டு, மெட்ரோவுக்கு வாங்கிய சிங்காரச் சென்னை கார்டு, திருத்தணி முருகன். இரண்டு கார்டும் போனோடு சேர்ந்து பதில் சொன்னால் பெட்டி யாரைக் கேட்கும்? முருகனால் தொந்தரவு இல்லை. அப்பா சிரித்தார். திங்கட்கிழமைக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

"பஸ்ல எவனாவது உரசினா காசு போயிடுமா பாப்பா?"

லாக் திறந்திருக்க வேண்டும், பின் நம்பர் இல்லாமல் ஒரு தடவைக்கு ஆயிரம், சில்லறைச் செலவுக்குப் போனில் தனியாக வைக்கும் யுபிஐ லைட்டில் மொத்தமே ஐயாயிரத்துக்கு மேல் வைக்க முடியாது என்றேன்.

"அப்போ போனா அஞ்சாயிரம். அவ்ளோதானே."

உடனே தைரியம் வந்துவிட்டது அவருக்கு. நாங்கள் அந்த ஐயாயிரத்தை நாலு திரை தள்ளி, விதிமுறைகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். முதல் திரைக்கு வர வேண்டும்.

பிப்ரவரி 10

அதிர்வுச் சண்டை. பெட்டி படித்ததும் போன் அதிர்கிறது. அதிர்ந்ததும் ஜனங்கள் கையை எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பணம் அதற்கப்புறம்தான் போகிறது, சில சமயம் போவதில்லை. படித்ததற்கு மெல்லிசாக ஒன்று, பணம் சேர்ந்ததற்கு அழுத்தமாக இரண்டு என்று பிரிக்கச் சொன்னேன். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்றார் ஒருவர். கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

ஆறு நாள் ஆயிற்று.

பிப்ரவரி 11

லேப் கவுன்டரில் இருந்த பெண், "பெண்டிங்ல இருக்கு மேடம்." அப்பாவுக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரிந்தது, பின்னால் வரிசையில் நின்ற பாட்டிக்கும் புரிந்தது.

பிப்ரவரி 12

'பெண்டிங்' என்றே போடலாம் என்று எழுதி அனுப்பினேன். மொழிக்குழு ஒத்துக்கொள்ளவில்லை. தமிழில் எழுதுங்கள் என்கிறார்கள், ஏதோ நான் எழுதிப் பார்க்காத மாதிரி.

பிப்ரவரி 13

பத்து மணிக்கு வரச் சொல்லிப் போன் வந்தது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எட்டாவது வடிவத்தை அனுப்பிவிட்டேன். அந்த வரி இருக்கவேண்டிய இடம் காலி.