சுவத்தப் பாத்து நிக்கணும் தம்பி

சிங்கப்பூர் சைட்ல பூச்சு வேலை சூப்பர்வைசரா 11 வருஷம் ஓட்டியாச்சு, நாடகத்துக்கு வேலை பாத்தது அது ஒரு தடவதான். எங்க டார்மிட்டரிக்கு ஞாயித்துக்கிழமை இங்கிலீஷ் சொல்லித்தர வர்ற தம்பி, யுனிவர்சிட்டி தமிழ் நாடகக் குழுல இருக்கான், "அண்ணே, அந்த சிமெண்ட் பூசுற கரண்டிய எப்படிப் பிடிக்கணும், எங்க ஆளுங்களுக்கு ஒருக்கா காட்டுறீங்களா"ன்னான். அதுக்குப் பேரு கரணைடா தம்பின்னு ஆரம்பிச்சதுதான்.

புது நாடகம். வெள்ளக்காரன் காலத்துல இந்தியாலேருந்து கப்பல்ல கொண்டாந்த கைதிங்க கதை. 1825ல, அதுக்கு முன்னாடி சுமத்ரா தீவுல பென்கூலன்ங்குற ஊருல வச்சிருந்த முதல் கூட்டம் இங்க வந்திருக்கு, 1873 வரைக்கும் இங்க அந்தக் கைதி ஜெயில் இருந்திருக்கு. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல வெள்ளையா நிக்குதே செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச், 1856ல ஆரம்பிச்சு அதக் கட்டுனதே அவங்கதானாம். லாரில அந்த வழியா எத்தன தடவ தூங்கிக்கிட்டே போயிருக்கேன்! பூசுன கலவைய வேற வசனத்துல வாசிச்சான்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளக்கரு, சர்க்கரை, தேங்கா மட்டை ஊறுன தண்ணி. எனக்கு ஒருமாதிரி ஆயிடுச்சு, ஏன்னா காரைக்குடி பக்கம் செட்டியார் வீட்டுல எங்க தாத்தா பூசுனதும் முட்டை போட்ட சுண்ணாம்புதான்.

பசங்க வசனம் பேசுனா கண்ணு கலங்குது, கையப் பாத்தா சிரிப்பு வருது, சாம்பார் ஊத்துற மாதிரி பிடிக்கிறான். ஹால்ல சிமெண்ட் கூடாதுன்னுட்டாங்க, அதனால ஷேவிங் நுரை, அதுல ஏது கனம், கனம் இல்லாம மணிக்கட்டு எப்படி இறங்கும், கரணைக்குப் பின்னாடி நாலு வாஷர் ஒட்டிக் குடுத்தேன். டைரக்டர் பொண்ணோடதான் பெரிய தகராறு. ஹீரோ மூஞ்சி ஆடியன்ஸுக்குத் தெரியணுமாம். சுவத்தப் பாக்காம எவன்மா பூசுவான்? கடைசில சுவத்தையே கொஞ்சம் சாய்ச்சுத் திருப்பி வச்சா, அது நல்ல யோசனைதான், ஒத்துக்கிட்டேன்.

மொத ஷோவுக்கு சைட் பசங்க மூணு பேரக் கூட்டிட்டுப் போனேன். பாதில ஹீரோவுக்கு வசனம் மறந்துபோச்சு, சும்மா பூசிக்கிட்டே நிக்கிறான், ஹாலே கப்சிப். பின்னாடிலேருந்து எங்க ராமநாதபுரத்துக்காரன் சத்தமா, "தண்ணி தெளிடா, காயுது!" எல்லாரும் சிரிச்சுட்டாங்க, எனக்கு மானமே போச்சு. ஆனா அந்தப் பையன் காலி வாளில கைய விட்டு, நெசமாவே தண்ணி இருக்குற மாதிரி சுவத்துல விசிறினான், அந்த வீச்சுலயே வசனமும் வந்துருச்சு.

முடிஞ்சதும் டைரக்டர் பொண்ணு வந்து, "நாளைக்கும் அந்த அண்ணனக் கூட்டிட்டு வருவீங்களா"ன்னு கேட்டா. அவனுக்கு மறுநாள் ஓவர்டைம்.